வெளியிலிருந்து வந்த நாலு ரயர்

மருதனார்மடச் சந்தியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கார் அக்காவை முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். கணவருக்குப் பிரஷர் குளிசை வாங்க வந்திருந்தார். அட்டையில் பத்துக் குளிசை இருக்கும். அவர் நாலுதான் கேட்டார். அட்டையை வெட்டிக் கொடுக்க ஏலாது என்று முதலாளி சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார். அக்கா போகவில்லை. கோபிக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அந்த ஆள் மருந்தை வாங்கிக்கொண்டு போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு, அப்போதுதான் கடைக்குள் வந்தவரைப்போல, அதே குரலில் "நாலு குளிசை தாங்கோ" என்றார். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். கத்தரிக்கோலைத் தேடி எடுத்தார்.

அக்கா எதையும் இரண்டு தரம் கேட்பார். சந்தையில் கத்தரிக்காய் விலையும் இரண்டு தரம், கிராமசேவகரிடம் கையெழுத்தும் இரண்டு தரம். முதல் தரம் சொல்லும் இல்லையை அவர் இல்லையாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாந்தரமும் இல்லையென்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அதற்குமேல் கேட்டு நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஹயர் ஓடினார். சின்ன வெள்ளைக் கார். பின்பக்கத்து இடது கதவு வெளியிலிருந்து திறந்தால்தான் திறக்கும். செருப்பைக் கழற்றி இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவார். பிள்ளைகள் கார் அக்கா என்று கூப்பிட, ஊரும் அப்படியே கூப்பிட்டது. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர். அவருடைய கார் சந்தியில் திரும்பினால், 'ரண்டாந்தரம் வருகுது' என்று கடைவாசல்களில் சிரிப்பார்கள். என் மகளும் அந்தக் காரில்தான் போய்வந்தாள்.

கணவருக்குப் பாரிசவாதம். இடப்பக்கம் முழுதும் விழுந்துபோய் முன்னறையில் கிடந்தார். மத்தியானம் அக்கா வந்து திருப்பிப் படுக்கவைத்து, கஞ்சி பருக்கிவிட்டு, மறுபடி பிள்ளைகளை ஏற்றப் போவார். பேச்சும் போய்விட்டது. ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. பசிக்கிறதா என்றாலும் ஓம், வலிக்கிறதா என்றாலும் ஓம். "இந்த ஊரிலை முதல் தரமே ஓம் எண்டு சொல்லுற ஒரே ஆள் இவர்தான்" என்று அக்கா அவருடைய தலைமாட்டில் நின்று சொல்வார். அவரும் அதற்கு ஓம் என்பார்.

இப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பது வெட்கமாக இல்லையா என்று ஒருமுறை நான் கேட்டேவிட்டேன். என் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு, இல்லையென்றதும் பேசாமல் திரும்பி வந்திருந்தேன். அக்கா அதே காரில் என்னை ஏற்றிக்கொண்டுபோய், அதே மேசைக்கு முன்னால் நின்று, நான் கேட்டதையே கேட்டார். நாள் கிடைத்தது. திரும்பி வரும்போது சொன்னார்: "முதல் தரம் கேக்கேக்கை சனம் எங்களைப் பாக்கிறதில்லை பிள்ளை. ரண்டாந்தரம்தான் நிமிந்து பாப்பினம். முகத்தைப் பாத்திட்டு இல்லையெண்டு சொல்லுறது கஷ்டம்."

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் அப்படித்தான். காரில் ஐந்து பிள்ளைகள் சீருடையோடு இருக்க, அக்கா இறங்கி வரிசையின் தலைக்கு நடந்துபோய் முதலாவதாக நின்றவரிடம் முன்னுக்கு விடச்சொல்லிக் கேட்டாராம். எல்லாருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அவர் சொல்ல, அக்கா காருக்குத் திரும்பி வந்து ஏறாமல், மறுபடி நடந்துபோய்க் கேட்டாராம். அந்த மனிதர் தன் வாகனத்தைத் தள்ளி இடம் விட்டதோடு, சத்தம் போட்டவர்களையும் அவரே அடக்கினாராம். என் மகள் அக்காவைப் போலவே நடந்து காட்டி இதை வீட்டில் சொன்னாள்.

அந்தத் துணிச்சலெல்லாம் போன இடம் ஒரு ரயர்க்கடை.

இறக்குமதி நின்றுபோயிருந்தது. கடைகளில் இருந்த கொஞ்ச ரயரும் கிழமைக்குக் கிழமை விலை ஏறிற்று. முந்தி நாலு வாங்கிய காசுக்கு ஒன்றுகூட வராது என்று சனம் கதைத்தது. எங்கள் மருந்துக்கடைக்கு நேர் எதிரே ரயர்க்கடை. வாசலில் நின்றால் உள்ளே நடப்பது தெரியும். விற்க ரயரில்லாமல், ரயர் அடுக்கும் இரும்புத் தட்டுகளில் கடைக்காரர் தேங்காய் அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார். சுவரில் வெள்ளைச் சாயத்தால் ஒரு வரி எழுதியிருந்தது: வெளியில் வாங்கிய ரயர் பூட்ட இரட்டைக் கூலி. அக்கா அங்கே அடிக்கடி வந்து ஒட்டுப் போட்டுக்கொண்டு போவார். ஒட்டுக்கு மேல் ஒட்டு. கடைசியில், ஒட்டுவதற்கு இதில் ரயர் இல்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வரும்போது புத்தூரில் முன் ரயர் வெடித்தது. கார் றோட்டை விட்டு இறங்கி வெங்காயத் தோட்டத்துக்குள் போய் நின்றது. தோட்டக்காரர் ஓடிவந்து கதவைத் திறந்தபோது, ஸ்ரேறிங்கைப் பிடித்த பிடியை அக்காவால் விடமுடியவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காரில் பிள்ளைகளும் இல்லை. ஆனாலும் கதை அவருக்கு முன்னே சந்திக்கு வந்துவிட்டது. அடுத்த நாளே ஒரு தகப்பன் தன் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்தினார். நான் நிறுத்தவில்லை. எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

யாரோ கழித்துப்போட்ட பழைய ரயர் ஒன்றைப் பூட்டிக்கொண்டு ஓடியபடியே, கனடாவில் இருக்கும் தம்பிக்கு அக்கா தொலைபேசி எடுத்தார். தனக்கும் வேலை போய்விட்டது, வீட்டுக் கடனே கட்ட முடியவில்லை என்று தம்பி சொன்னார். ஒரு கிழமை கழித்து மறுபடி எடுத்தார். அப்போது தம்பி, காசு அனுப்ப ஏலாது, ஆனால் தன்னுடைய பழைய காரின் ரயர் நாலு சும்மா கிடக்கிறது, அளவு சரியென்றால் கப்பலில் போட்டுவிடுகிறேன் என்றார். அளவு சரியாக இருந்தது.

பெட்டி வந்துசேர மாதக்கணக்காயிற்று. நாலு ரயருக்குள்ளும் சவர்க்காரமும் சொக்லேற்றும் பழைய ஜக்கற்றுகளும் இடைவெளி இல்லாமல் திணித்திருந்தார்கள். அக்கா சொக்லேற்றைக் காரில் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். ரயர்களை ஈரத்துணியால் துடைத்துக் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்தார். பிறகு மருந்துக்கடைக்கு வந்து, மருந்து ஒன்றும் வாங்காமல், ரயர் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். பல்லுத் தெரிய அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சுன்னாகத்தில் ஒரு கடையில் வெளி ரயரைத் தொடவே மாட்டோம் என்றார்களாம். யாழ்ப்பாணம் ரவுணில் கேட்ட கூலி எதிர்க்கடையின் இரட்டைக் கூலியைவிடக் கூட. அதனால் எதிர்க்கடைக்கே வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கூட வந்து சும்மா நில் என்று என்னையும் கூப்பிட்டார்.

கடைக்காரர் சொன்ன கூலி, மிஞ்சியிருந்த மூன்று பிள்ளைகளின் ஒரு மாத ஹயர் காசு. அக்கா குறைக்கச் சொன்னார். கடைக்காரர் கெட்ட மனிதர் இல்லை. சத்தமில்லாமல் கதைக்கிற ஆள். ஆறுதலாகத்தான் பதில் சொன்னார்.

"அக்கா, என்னட்டை ரயர் வாங்கினால் பூட்டுறது இனாம். இப்ப விக்க ரயர் இல்லை. கரண்ட் நிண்டால் டீசல் ஊத்தித்தான் மெஷின் ஓடுது. இந்தப் பூட்டுக்கூலிதான் என்ரை வீட்டுச் சோறு."

பிறகு ஒரு ரயரை நிமிர்த்தி, பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன அடையாளத்தை விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு மலை. மலைக்குள் ஒரு பூ. நான் குனிந்து பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. அது ஸ்னோவில் ஓடுவதற்கென்று செய்த ரயர் என்றார் அவர். குளிருக்காக மெத்தென்று செய்த றப்பர், எங்கள் வெயிலில் தார் றோட்டில் ஓடினால் அழிறப்பர் மாதிரித் தேயும், பிரேக் பிடித்தாலும் உடனே நிற்காது என்றார். பூட்டச்சொன்னால் பூட்டுவேன், ஆனால் எத்தனை நாள் என்று என்னைக் கேட்காதீர்கள் என்றும் சொன்னார்.

அக்கா அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். இருந்ததும் இதுதான், இனி வரப்போவதும் ஒன்றில்லை. கூலியைக் குறைத்துப் பூட்டித் தரும்படி இரண்டாந்தரம் கேட்டார். கடைக்காரர் இல்லையென்று தலையை ஆட்டினார். அக்கா தலையாட்டிவிட்டுத் திரும்புவார் என்று நினைத்து நான் வெளியே ஒரு அடி வைத்தேன்.

"தம்பி, குறைச்சுப் பூட்டித் தாங்கோ."

மூன்றாந்தரம். அந்தக் குரல் அவருடையதாக இருக்கவில்லை. எனக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது. கடைக்காரரும் தேங்காய்த் தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்த்தபடியே ஒரு வழி சொன்னார். இரண்டு ரயரைத் தன்னிடம் விட்டால் மற்ற இரண்டையும் கூலி இல்லாமல் பூட்டித் தருவார். விட்ட இரண்டையும் அவர் விற்றுக்கொள்வார்.

அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது.

"வாங்கிறவைக்கு இது ஸ்னோ ரயர் எண்டு சொல்லுவியளே?"

"கேட்டால் சொல்லுவன்" என்றார் கடைக்காரர்.

அக்கா கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்குப் பின்னேரம் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். வீட்டில் கணவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. கடைசியில், முன்சில்லு இரண்டுக்கும் போடுங்கோ என்று சொல்லிவிட்டுக் காருக்குள்ளிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

விட்டுவந்த இரண்டு ரயரும் தேங்காய்த் தட்டுக்கு மேல் கொஞ்ச நாள் இருந்தன. என் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். ஒரு காலையில் அவை இல்லை. அக்கா போய் யார் வாங்கியது என்று கேட்டார். வெளியூர் ஆள், பெயர் கேட்கவில்லை என்றார் கடைக்காரர். அக்கா மறுபடியும் கேட்டார். அதே பதில்தான். அவருக்கு உண்மையாகவே தெரியாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அக்கா தேடத் தொடங்கினார்.

சந்தைக்கு வந்த கார்களைச் சுற்றிவந்து சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். சனிக்கிழமைகளில் ஆஞ்சநேயர் கோயிலுக்கு வரும் கார்கள் வரிசையாக நிற்கும். அக்கா கோயிலுக்குள் போகாமல் அந்த வரிசை நீளத்துக்கும் குனிந்து குனிந்து நடந்தார். ஆஸ்பத்திரி வாசலில், கலியாண மண்டபங்களில், எங்கும் அந்த மலையையும் பூவையும் தேடினார். காத்தைத் திறந்துவிட வந்தவர் என்று நினைத்து ஒரு சாரதி ஏசிக் கலைத்தார். உந்த ரயர் எங்கை வாங்கினது என்று கேட்பவரைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள், சிலர் பயந்தார்கள். படுத்த மனுசனோடை கிடந்து மூளை பிசகிப்போச்சு என்று சந்தியில் கதைத்தார்கள். பிள்ளைகளோடு போகும்போதே றோட்டோரத்தில் நிற்பாட்டிவிட்டு மற்றக் கார்களைப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் மற்ற இரண்டு பிள்ளைகளையும் நிறுத்திவிட்டார்கள். என் மகள் மட்டும் மிஞ்சினாள்.

எதற்காக இப்படி அலைய வேண்டும், விற்றது கடைக்காரர்தானே என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் காரின் முன் ரயரில் வைத்தார். கை முழுக்கக் கறுப்புத் தூள். ரயரின் ஓரம் கிழிந்த துணிபோல நூல் விட்டிருந்தது. நாள்தோறும் காலையில் தன் ரயரைப் பார்க்கும்போது, எங்கேயோ ஓடுகிற மற்ற இரண்டும் எந்த நிலையில் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

அளவெட்டியில் எங்கள் உறவுக்காரர் வீட்டில் ஒரு விசேஷம். அக்காவின் காரில்தான் போனோம். ஒரு ஒழுங்கைக்குள் படலையடியில் கருநீலக் கார் ஒன்று நின்றது. கூரையில் துணி சுற்றிய தவில் கட்டியிருந்தது. அக்கா சட்டென்று நிற்பாட்டினார். இறங்கிப்போய்ப் பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். எழும்பவில்லை. நானும் இறங்கிப் போனேன். மலையும் பூவும் புழுதிக்குள் இருந்தன.

கயிறு இறுக்கிக்கொண்டிருந்தவர் அறுபது வயது தாண்டிய தவில்காரர். அக்கா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். தம்பி அனுப்பியது, பூட்டுக்கூலிக்கு இரண்டை விட்டது, வெயிலுக்குத் தாங்காது என்று கடைக்காரர் சொன்னது, அவ்வளவையும். அந்த மனிதர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் தங்கச்சி" என்றார். "நான் கேட்டனான். அவர் சொன்னவர்."

"பேந்தும் வாங்கினியளோ?"

"வேறை எங்கை கிடந்தது?"

அடுத்த நாள் கிளிநொச்சியில் கலியாணம் என்றார். நாதஸ்வரம் வாசிக்கிற மகனும் மருமகனும் தாளம் போடுகிற பேரனும் இந்தக் காரில்தான் போகவேண்டும். போகவேண்டாம் என்று அக்கா சொன்னார். அவர் சிரித்த மாதிரி இருந்தது. முற்பணம் வாங்கிச் சாப்பிட்டும் முடித்துவிட்டோம் என்றார். அக்கா மறுபடியும், "போகாதேங்கோ அண்ணை" என்றார். அவர் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றை விட்டுவிட்டு எங்கள் காரடிக்கு நடந்து வந்தார். முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, ரயரின் ஓரத்தில் மெல்ல விரலை ஓடவிட்டார். நூல் விட்ட இடத்தில் விரல் நின்றது. எழும்பிப் போய்த் தன் காரின் பின்சில்லைப் பார்த்தார்.

"மெல்ல ஓடுவம்" என்றார். தவிலின் மேல் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். இறக்குமதி திறந்து விலை இறங்கியபோது அவர்கள் புது ரயர் போட்டுக்கொண்டார்கள். எதிர்க்கடையில் இப்போது கூரை முட்ட ரயர் அடுக்கியிருக்கிறது, சுவரில் இருந்த வரியைச் சாயம் பூசி மறைத்துவிட்டார்கள். அக்காவின் கணவர் அதற்கு முன்னமே தவறிவிட்டார். காரை விற்றுவிட்டு அக்கா வவுனியாவில் மணம்முடித்திருந்த மகளிடம் போய்விட்டார். ஆனால் அளவெட்டியிலிருந்து திரும்பிய அந்தப் பின்னேரம் இவை ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

கலியாணத்தன்று அக்கா ஹயர் ஓடவில்லை. விடிந்ததும் என் வீட்டுக்கு வந்து, தான் அளவெட்டிக்குப் பஸ்ஸில் போவதாகவும், மத்தியானம் கணவரைப் பார்க்கும்படியும் கேட்டார். நான் முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போய் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தேன். கஞ்சி பருக்கினேன். அக்கா எங்கே என்று அவருடைய கண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. வந்துவிடுவார் என்றேன். "ஓம்" என்றார்.

பின்னேரம் கடையில் வேலை ஓடவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பஸ்ஸில் வந்து இறங்கி, அக்கா றோட்டைக் கடந்து வந்தார். முகம் வெயிலில் கறுத்து, சேலைக் கரையெல்லாம் செம்புழுதி. காலையிலிருந்து அந்த ஒழுங்கை முகப்பிலேயே நின்றிருக்கிறார். அங்கே ஒரு வீட்டுக்காரர் உள்ளே வந்து இருக்கச் சொன்னாராம். இருக்கவில்லை.

"வந்திட்டினம்" என்றார். "எல்லாரும்."

அப்படியே வாங்குப் பலகையில் இருந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். இனிப் பயப்படாதீர்கள், போய்ப் படுங்கள் என்றேன். கணவர் சாப்பிட்டாரா என்று கேட்டார். சாப்பிட்டார் என்றேன். வெறும் கோப்பையைத் திருப்பித் தந்தார்.

"நாளைக்கும் ஒருக்கா அவரைப் பாப்பியே பிள்ளை? அவையளுக்கு நாளைக்கு மன்னாரிலை கலியாணமாம்."